லலிதா யாருக்குச் சொன்னாள்

ஆட்டோ நகரவில்லை. நகராது என்று ஏறும்போதே கனகவல்லிக்குத் தெரியும், ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்து மறைத்த நாளிலிருந்து எதுதான் நகர்ந்திருக்கிறது, ஆனாலும் நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று வாயை விட்டாயிற்று. வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது, வாய்தான் சனியாகவும் வந்து உட்கார்ந்தது, அறுபத்துநாலு வயதில் இனி அதைத் திருத்தி என்ன ஆகப்போகிறது. மணி மூன்றே கால். முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்பக்கக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, இறங்கி ஒரு திருகு திருகி மூட ஒருத்தனுக்கும் துப்பில்லை. மடியில் கைப்பை, கைப்பைக்குள் செல்போன், செல்போனுக்குள் அந்த இருநூற்றுப் பதினெட்டுப் பேர், நிமிஷத்துக்கு ஒருதரம் கைப்பை உறுமுகிறது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு சேனலில் ஓடிய வெளிநாட்டுத் தொடர். தமிழில் ‘நெடுவெளி’ என்று பெயர் வைத்து, தமிழில் குரல் கொடுத்துப் போட்டார்கள். ஆகாயத்தில் வழி தவறிய ஒரு கப்பல், அதில் ஏழு பேர், முப்பத்துநாலு வாரம் ஓடிவிட்டுப் பாதியில் நின்றுபோனது. அந்தக் கப்பலை நடத்துகிற கம்ப்யூட்டருக்கு லலிதா என்று பெயர். லலிதாவுக்குக் குரல் கொடுத்தவள் கனகவல்லி. அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய் வாட்ஸ்அப்பில் ஒரு ரசிகர் குழு, குழுவுக்கு ஒரு தலைவன், பிரசன்னகுமார் என்று வங்கியில் வேலை பார்க்கிற நாற்பது வயது ஆள், அவன் நடத்துகிற ஒரு யூடியூப் சேனல், இன்றைக்கு அதில் அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போகிறார்கள். பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவன்தானே, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வேறு ஜோலி இல்லையா என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தான், பதினாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு. கப்பலில் இருப்பது ஏழு பேர், ஆனால் அந்தப் பெரிய அறையில் எட்டு நாற்காலி இருக்கிறதே, எட்டாவது யாருக்கு? அவளைக் கேட்டால் எப்படி. அந்த ஊர் தச்சன் ஒன்று கூடுதலாகச் செய்திருப்பான், நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் எண்ணியா நாற்காலி போடுகிறார்கள். மூன்றாம் தளத்துச் சிவப்பு விளக்கு ஏன் அணைவதே இல்லை? அணைக்கச் சொல்லி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் அணையவில்லை. முப்பத்துநாலு வாரத்தில் ஒருத்தராவது ஒரு வாய் சாப்பிட்டதாகக் காட்டவில்லையே, கப்பலில் சமையலறை எந்தப் பக்கம்? வாஸ்துப்படி தென்கிழக்கு என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள், அதையும் நம்பி எழுதிக்கொள்வான்கள். ஒன்பதாம் பகுதியில் கேப்டன், நாம் எதற்காகக் கிளம்பினோம் என்று கேட்கும்போது லலிதா, அது உரிய நேரத்தில் தெரியவரும் என்கிறாள், அந்த உரிய நேரம் எது? இதற்கு மட்டும் அவளுக்குப் பதில் தெரியும். தமிழ் வசனம் எழுதின எதிராஜ் சாருக்கு அந்த இடத்தில் இங்கிலீஷ் விளங்கவில்லை. மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார், பென்சிலால் தலையைச் சொறிந்தார், மணி ஒன்றாகிவிட்டது, எல்லாருக்கும் பசி, லலிதாவை விட்டு அப்படிச் சொல்லச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இந்தப் பாவிகள் இருபத்தெட்டு வருஷமாக அந்த உரிய நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிப்பு வரவேண்டிய இடம்தான், ஆனால் வெயில் ஆட்டோவின் பக்கவாட்டில் நுழைந்து முழங்காலில் சுட்டுக்கொண்டிருந்தது, லாரிக்காரன் புகையை வேறு விட்டான், சிரிப்பு வரவில்லை.

எதிராஜ் சார் வசனம் எழுதியவர் மட்டுமில்லை, டப்பிங் நடத்தியவரும் அவரே. போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. வெள்ளைக்காரன் வாயை எப்போது திறக்கிறான், எப்போது மூடுகிறான் என்று பார்த்துப் பார்த்துத் தமிழை அளவெடுத்து வெட்டுவார், அதில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டருக்கு லலிதா என்று பேர் வைத்ததே, அதைக் கூப்பிடும்போது கேப்டனுக்கு உதடு ஒட்டவில்லை, லலிதா என்று சொன்னாலும் ஒட்டாது என்பதால்தான். ஆனால் கதையில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், சொல்லவேண்டியவன் வாயோ அதற்குள் மூடிவிட்டது, அப்போது என்ன செய்வது. லலிதாவிடம் கொடுத்துவிடுவார். “லலிதாவுக்கு வாய் கெடையாது மேடம், எவன் பாக்கப்போறான்” என்பார். லலிதா என்பது சுவரில் மினுக்குகிற ஒரு நீல விளக்கு, அவ்வளவே. எவன் வாயிலும் அடங்காத வசனமெல்லாம் அந்த விளக்கின் தலையில் வந்து விழும். அப்படித்தான் லலிதா சம்பந்தமில்லாத இடத்தில் தேதி சொன்னாள், செத்துப்போனவனுக்கு நன்றி சொன்னாள், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள். இதையெல்லாம் இந்தக் குழு வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு, லலிதாவுக்கு ரகசியம் தெரியும், லலிதா வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று பக்கம் பக்கமாக ஆராய்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன. ஐயா, அவள் கப்பலை ஓட்டவில்லை, எதிராஜ் சாரின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் போயிற்று. பதின்மூன்று கேள்விக்கும் அப்படியே சொல்லிவிடலாம், ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. பதினாலாவதுதான் தொண்டையில் நிற்கிறது, பிரசன்னகுமார் அதை வேறு கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்.

முப்பத்தோராம் பகுதி. டாக்டர் கப்பலை விட்டு வெளியே போனவர் திரும்பவில்லை. கேப்டன் ஜன்னலைப் பார்த்தபடி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பதினோரு விநாடி யாரும் பேசவில்லை. அப்போது லலிதா, “சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். வந்ததும் சாப்பிடலாம்” என்கிறாள். யாருக்குச் சொல்கிறாள்? அதோடு விட்டானா. இங்கிலீஷில் இந்த வசனமே இல்லை மேடம், அங்கே வெறும் மௌனம்தான், நாங்கள் வாங்கிப் பார்த்துவிட்டோம் என்று கீழே ஒரு வரி. இத்தனை நாள், அது அந்த வெள்ளைக்காரன் எழுதினது, எனக்கென்ன தெரியும் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள், அந்த வழியை அடைத்துவிட்டான்கள். இனி ஒரே வழி, எதிராஜ் சார் எழுதினது என்று சொல்வது. அவர் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனுஷன், இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். எதிராஜ் சார் எழுதினார், நான் படித்தேன், அவ்வளவுதான் தம்பி. மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது, இயல்பாக வந்தது, நாற்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குப் பேசினவளுக்கு இது ஒரு பெரிய காரியமா. ஆட்டோ இரண்டு முழம் நகர்ந்து நின்றது.

“எம்மா, இப்டியே போனா ஆறு மணி ஆய்டும். சாலிகிராமம் உள்ள பூந்து போய்டட்டா” என்று டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டான். “எப்படியோ போப்பா” என்றாள். “ஒங்க கொரல எங்கியோ கேட்டா மாதிரி கீதே.” “எல்லாரும் கேட்டதுதான். எந்தக் கம்பெனிக்காவது போன் பண்ணினா, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்னு உயிரை வாங்குவாளே, அவதான் நான்.” அவன் திரும்பியே பார்த்துவிட்டான். “அய்யோ, ஒங்களயாம்மா அவ்ளோ திட்டிகினு இருந்தேன்” என்றான். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், எல்லாருக்கும் திட்ட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அவளுக்கும் வேண்டியிருந்தது, பக்கத்தில் இருந்தவன் அகப்பட்டான். வண்டி சந்துக்குள் திரும்பியது. சாலிகிராமம். இதோ இந்த மருந்துக்கடைக்கு மேல் மாடியில்தான் அந்த டப்பிங் தியேட்டர் இருந்தது, இப்போது பல் டாக்டர் போர்டு தொங்குகிறது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். அந்தப் படி மட்டும் அப்படியே இருக்கிறது, அந்தப் படியில் உட்கார்ந்துதான் தம்பி ரங்கா அவளுக்காகக் காத்திருப்பான், அவள் இறங்கி வருவதற்குள் கேட்க ஆரம்பித்துவிடுவான். யக்கா, இந்த வாரம் செகப்பு லைட்டு பத்தி ஏதாவது சொல்றாங்களா. சொல்லலடா. டாக்டரு மூணாம் தளத்துக்குப் போறாரா. போகலடா, நான் கம்ப்யூட்டரு, எனக்குக் குடுத்ததைப் படிக்கிறேன், கொஞ்சம் மூச்சு விட விடு. பிரசன்னகுமார் இன்றைக்குக் கேட்கிற பதினாலில் பதின்மூன்றை ரங்கா அன்றைக்கே கேட்டுவிட்டான். அதனால்தானோ என்னவோ அந்தக் கேள்விகளைப் பார்த்ததும் அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

தம்பி. பன்னிரண்டு வயது இளையவன், அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு இவள் கையில் வந்து சேர்ந்தவன், இவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் தம்பி ஒரு கரை ஏறட்டும் என்று தள்ளித் தள்ளி அது தள்ளியே போய்விட்டது. அதை அவனிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, அது சத்தியம். டிகிரி முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, அதில் கப்பலைப் படம் வரைந்து எந்தக் கதவு எங்கே போகிறது என்று அம்புக்குறி போடுவான். தொடரில் ஒரு கதவு போன வாரம் இடப்பக்கம் திறந்தது, இந்த வாரம் வலப்பக்கம் திறந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. எழுதினவனுக்கே இல்லாத கவலை உனக்கு எதற்கு என்பாள். அப்டியில்லக்கா, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், நாம இன்னும் கண்டுபுடிக்கல என்பான். நல்ல மூளை. அந்த மூளையை நாலு இடத்தில் காட்டினால் வேலை கிடைக்காதா, அதுதான் அவளுக்கு ஆற்றாமை. அந்த வியாழக்கிழமை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு, ஒன்பதரைக்கு. எதிராஜ் சார் யாரிடமோ சொல்லி, அந்த யாரோ யாரிடமோ சொல்லி ஏற்பாடு செய்தது. காலையில் ரவை உப்புமா கிளறி அவன் தட்டில் போட்டுவிட்டு, தரையில் போர்வையை மடித்துப் போட்டு அவன் சட்டையை அவள்தான் இஸ்திரி போட்டாள். மணி எட்டேகால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இவன் உப்புமாவைக் கிண்டிக்கொண்டே நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். யக்கா, ஏழு பேருக்கு எதுக்குக்கா எட்டு நாற்காலி. அவள் சட்டையைப் புரட்டிப் போட்டாள். யாரோ ஒருத்தன் வரவேண்டியிருக்குக்கா, அவனுக்குத்தான் போட்டு வெச்சிருக்காங்க, யாராயிருக்கும். காலர் பக்கம் இஸ்திரி கொஞ்சம் நின்றுவிட்டது, துணி தீய்ந்த வாசனை வந்தது, அப்போதுதான் அவள் வாயில் அது வந்தது. நீ போய் உக்காருடா அதுல. அங்கயாவது தண்டச்சோறு போடுறாங்களான்னு பாரு.

வேறொன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான் சொன்னாள். இருபத்தெட்டு வருஷமாக அதைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறாள், டப்பிங் தியேட்டரில் ஒரே துண்டுப் படத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதுபோல, அந்த வார்த்தைக்குப் பதிலாக வேறு ஏதாவது பொருந்துமா என்று. சோம்பேறி என்று சொல்லியிருக்கலாம். கழுதை என்று சொல்லியிருக்கலாம், கழுதை என்றால் சிரித்திருப்பான். சாப்பிடுகிற தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்துச் சோற்றைச் சொல்லிவிட்டாள். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. வாயில் இருந்ததை விழுங்கினான், எழுந்து கை கழுவினான், கொடியில் கிடந்த பழைய கட்டம்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினான். இஸ்திரி போட்ட சட்டை போர்வைமேல் சூடாகக் கிடந்தது. நேர்முகத் தேர்வுக்குத்தான் போகிறான், ரோஷத்தில் இந்தச் சட்டை வேண்டாமென்று போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதித் தட்டு உப்புமா இருந்தது. கொட்ட மனசு வரவில்லை. இன்னொரு தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.

அன்றைக்கு எடுத்தது முப்பத்தோராம் பகுதி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இன்ஜினியர் பெஞ்சமின், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் மைக்கும் அவளும். மேடம், லெவல் பாக்கணும், ஏதாவது பேசுங்க. எப்போதும் கேட்கிறதுதான், சத்தம் எவ்வளவு வருகிறது என்று முள்ளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள. மற்றவர்கள் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார்கள், முருகா முருகா என்பார்கள். இவள் மட்டும் வீட்டில் செய்யாமல் விட்டுவந்த வேலையை லலிதா குரலில் சொல்லுவாள். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. இட்லிக்கு ஊறப்போட வேண்டும். அந்தக் கப்பல் தமிழில், ஏற்ற இறக்கம் இல்லாமல். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சிரிப்பார்கள், அவளுக்கும் ஒரு விளையாட்டு. அன்றைக்கு விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. ஏதாவது பேசுங்க என்றதும் அதுதான் வந்தது. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். வந்ததும் சாப்பிடலாம். சாயங்காலம் அவன் வந்தால் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தது, மன்னிச்சுக்கோடா என்று நேராகச் சொல்ல அக்காமாருக்கு எங்கே வாய் வருகிறது. கனகவல்லி குரலில் சொல்லியிருந்தால் உடைந்திருக்கும். லலிதாவுக்கு அழத் தெரியாது, அதனால் அவளை விட்டுச் சொன்னாள். பெஞ்சமின் கட்டைவிரலைக் காட்டினான். டேப் ஓடிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. பிறகு மிக்ஸிங்கில் அந்தப் பதினோரு விநாடி காலியாக இருந்திருக்கிறது. சேனல்காரர்களுக்கு மௌனம் ஆகாது, சத்தம் இல்லையென்றால் ஜனங்கள் டிவி ரிப்பேர் என்று அதன் தலையில் தட்டுவார்களாம். எதிராஜ் சார் டேப்பில் தேடியிருக்கிறார், இது அகப்பட்டிருக்கிறது, எடுத்து ஒட்டிவிட்டார். கேட்டதற்கு, “நல்லா இருந்துச்சு மேடம், விட்டுட்டேன்” என்றார். அந்த மனுஷனிடம் அவள் கத்தியது அன்றைக்கு ஒருநாள்தான், எதற்கென்று அவருக்குத் தெரியாது.

அம்பத்தூருக்கு அவன் போகவே இல்லை என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. சினேகிதர்கள் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிகளில் இல்லை, போலீசில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவான் என்று அவளுக்கு ஒரு நிச்சயம், நெடுவெளியை அவன் ஒரு வாரமும் விட்டதில்லை, காய்ச்சலில்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தவன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். பதினொன்றே கால் ஆயிற்று. டாக்டர் வெளியே போனார். கேப்டன் முதுகைக் காட்டி நின்றார். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், வந்ததும் சாப்பிடலாம். அவள் குரல்தான், ஆளில்லாத வீட்டில், டிவிக்குள்ளிருந்து. அங்கேதான் அவளுடைய யோசனை போய் மாட்டிக்கொள்ளும், இருபத்தெட்டு வருஷமாக அதே இடத்தில்தான் மாட்டுகிறது. அவன் பார்த்தானா. பார்த்திருந்தால் அவனுக்கு ஒரு விநாடியில் புரிந்திருக்கும், லலிதா சோற்றைப் பற்றிப் பேசமாட்டாள் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும், எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று சொன்னவன் அவன்தானே. புரிந்தும் வரவில்லை என்றால், வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டான் என்று அர்த்தம். பார்க்கவில்லை என்றால் பாதகமில்லை, தெரியாமல் இருக்கிறான், அவ்வளவுதான். அதனால் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவனை ஒரு ரயிலில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறாள். நீண்ட தூரம் போகிற ரயில், ஜன்னலோரம், டிவி இல்லாத ரயில். சூரத்தில் ஒரு மில் கேன்டீனில் அவனைப்போல ஒருத்தனைப் பார்த்ததாக ஆறு வருஷம் கழித்து ஒருவர் சொன்னார், அப்படியானால் அது சூரத் போகிற ரயிலாகத்தான் இருக்கும் என்று அவளே ஊருக்கும் ஏற்பாடு செய்துகொண்டாள். வீட்டை மாற்றவில்லை. வீட்டுக்காரர்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள், குழாயில் துரு, கூரையில் ஒழுகல், அவள் அசையவில்லை. மூடி வைத்த தட்டை மட்டும் மூன்றாம் நாள் கழுவிவிட்டாள், ஊசிப்போயிற்று, வைத்துக்கொண்டு என்ன செய்வது.

இப்போது இந்தப் பிரசன்னகுமார் கூட்டம் என்ன கண்டுபிடித்திருக்கிறதென்றால், அந்த வசனம் டாக்டருக்குச் சொன்னது அல்லவாம். எட்டாவது நாற்காலிக்குச் சொன்னதாம். வரவேண்டிய ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு நாற்காலி போட்டிருக்கிறது, அவனுக்குத்தான் லலிதா சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறாள், ஆகையால் ஒன்றாம் கேள்விக்கும் பதினாலாம் கேள்விக்கும் விடை ஒன்றே. நேற்று குழுவில் இதைப் போட்டு நூற்றுச்சொச்சம் பேர் கைதட்டியிருந்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணமே இல்லாத இடத்தில் காரணம் தேடித் தேடி, தச்சன் செய்த நாற்காலியையும் எதிராஜ் சார் ஒட்டிய டேப்பையும் முடிச்சுப் போட்டு, தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டு, கடைசியில் சரியான விடையில் வந்து நிற்கிறான்கள், மடையன்கள். இதை இவர்களிடம் எப்படி மறுப்பது. ஆமாம் என்று சொன்னால் யார் அவன் என்பார்கள். தம்பி என்றால், ஏன் போனான் என்பார்கள். தண்டச்சோறு என்பதை அவள் வாயால் இருநூற்றுப் பதினெட்டுப் பேருக்கு நடுவில் இன்னொருதரம் சொல்லவேண்டும். அதைக்கூடச் சொல்லிவிடலாம், கேவலப்பட்டால் பட்டுவிட்டுப் போகிறோம். பயம் அதற்கில்லை. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் சூரத்திலோ எங்கேயோ ஒருத்தன் நெடுவெளி என்று தட்டிப் பார்க்காமல் இருப்பானா, அவனா, நிச்சயம் பார்ப்பான். பார்த்துவிட்டு வராமல் இருந்தால் இந்தத் தடவை அவனை ஏற்றிவிட அவளிடம் ரயில் இல்லை. எதிராஜ் சார் எழுதினார், நான் படித்தேன். அதுதான் சரி. ஆட்டோ அசோக் நகரில் ஒரு அடுக்குமாடி வாசலில் நின்றது, மணி நாலு ஐந்து, டிரைவர், “இனிமே ஒண்ண அழுத்தச் சொன்னா கம்முனு அழுத்திடறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. சுவரில் ஒரு நீல விளக்கு மாட்டியிருந்தார்கள், மினுக்கிக்கொண்டிருந்தது, அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. வரிசையாக நாற்காலி. பிரசன்னகுமாரும் குழுவிலிருந்து இன்னும் ஆறு பேரும் ஆளுக்கொன்றில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், நரைத்தவர்கள், தொப்பை விழுந்தவர்கள், ஒரு பெண், எல்லார் முகத்திலும் பள்ளிக்கூடத்துக் களை. நல்லவர்கள்தான், அது வேறு எரிச்சலாக இருந்தது. பிரசன்னகுமார் காலியாக இருந்த கடைசி நாற்காலியைக் காட்டி, “எட்டாவது உங்களுக்குத்தான் மேடம், நீங்கதான் உக்காரணும்” என்றான். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்திருப்பான்.

“எனக்கு ஒரு ஸ்டூல் போடுங்க தம்பி” என்றாள் கனகவல்லி. “அதுக்கு ஆள் இருக்கு.”

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், ஒருத்தர் ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தார். புடவைத் தலைப்பில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினார்கள். எதிராஜ் சார் எழுதினார், நான் படித்தேன், எதிராஜ் சார் எழுதினார், நான் படித்தேன். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “ஒரு நிமிஷம் மேடம், லெவல் பாத்துக்கறேன். ஏதாவது பேசுங்க” என்றார்.

ஒன்று இரண்டு மூன்று எண்ணியிருக்கலாம். முருகா என்றிருக்கலாம். லலிதா குரலுக்குத் தொண்டையைச் சரிசெய்து பார்த்தாள், அது வரவில்லை, வேறு ஒன்றுதான் வந்தது, கட்டைக் குரல், வீட்டுக் குரல்.

“டேய் ரங்கா” என்றாள். “அக்காடா. அன்னிக்கு உன்னைத் தண்டச்சோறுன்னு சொன்னது தப்பு. தட்டு முன்னால உக்காந்திருந்த புள்ளைய அப்படிச் சொல்லிட்டேன். லலிதா சொன்னது உனக்குத்தான். நீ அதைக் கேட்டிருந்தாலும் சரி, கேக்காம இருந்திருந்தாலும் சரி. அதே வீடுதான், மாத்தல. வந்து சாப்பிடு.”

கேமராக்காரர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டு, “லெவல் ஓகே மேடம், ஆரம்பிக்கலாம்” என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், “இது வெளிய வராது மேடம், பயப்படாதீங்க. வெட்டிடுவோம்” என்றார்.

“வெட்டாதீங்க” என்றாள் கனகவல்லி. “மத்ததெல்லாம் வேணா வெட்டிக்கோங்க.”